படிக்கட்டுக்கு இரண்டாவது கைப்பிடி கேட்டு, மும்பை சொசைட்டி கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு பக்கத்து ஹவுசிங் சொசைட்டிகளின் சேர்மன், செக்ரட்டரி, கமிட்டி உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செப்டம்பர் 30-க்குள் நீங்கள் ஏஜிஎம், அதாவது வருடாந்திரப் பொதுக்கூட்டம், கூட்டியாக வேண்டும். பார்க்கிங், தண்ணீர் டேங்கர், பெயிண்டிங், ரீடெவலப்மென்ட் என்று அஜெண்டா நீளமாகத்தான் இருக்கும். இந்த வருடம் அதில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் கட்டடத்தில் இருக்கும் வயதானவர்கள் கீழே விழாமல் இருக்க சொசைட்டி என்ன செய்யப்போகிறது?

நான் ஒரு ஃபிசியோதெரபிஸ்ட். இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி வீடு திரும்பியவர்களுக்கு வீட்டுக்கே போய் நடைப் பயிற்சி கொடுக்கிறேன். ஆஸ்பத்திரியில் யாருக்கும் பார்க்க வாய்க்காத ஒன்று எனக்குத் தினமும் கண்ணில் படுகிறது: அவர்கள் விழுந்த இடம். “வயசாச்சு, விழத்தான் செய்வாங்க” என்று வீட்டார் சொல்வார்கள். அந்த இடத்தைப் பார்த்த பிறகு என்னால் அதை ஒப்புக்கொள்ள முடிவதில்லை.

எலும்பின் பலம் 30 வயதையொட்டி உச்சத்தைத் தொடும். அப்புறம் இறங்குமுகம்தான். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் சில வருடங்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். வலிக்காது, வெளியே தெரியாது. கையை ஊன்றி விழும்போது மணிக்கட்டு முறிந்தாலோ, உயரம் குறைந்து முதுகு வளைந்தாலோதான் பலருக்கும் விஷயமே தெரியவரும். இடுப்பெலும்பு முறிவு பத்தில் ஒன்பதுக்கும் மேல் கீழே விழுவதால்தான் வருகிறது. அது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுகிறார். பிழைத்தவர்களிலும் பலர் பழையபடி தனியாக நடமாடுவதில்லை. உலகம் முழுவதும் வருடத்துக்கு சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எலும்பு தேய்வதை முழுவதுமாக நிறுத்த முடியாதுதான். விழுவதைப் பெருமளவு தடுக்கலாம்.

மாட்டுங்காவின் லிஃப்ட் இல்லாத பழைய மூன்று மாடிக் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். படிகள் கோட்டா கல். பல வருடம் கால் பட்டுப் பட்டு விளிம்பெல்லாம் மழுங்கி வழவழவென்று இருக்கும். எல்லாம் ஒரே சாம்பல் நிறம் என்பதால், கண்புரை இருப்பவருக்கோ பைஃபோகல் கண்ணாடி போட்டவருக்கோ ஒரு படி எங்கே முடிகிறது என்று தெரியாது. கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். ஏறும்போது வலது கைக்கு வசதியாக இருந்தால், இறங்கும்போது அது இடது பக்கம் வந்துவிடும். பக்கவாதத்தில் இடது கை பலமிழந்தவர் எதைப் பிடித்து இறங்குவார்? இதைவிட மோசம், அந்தக் கைப்பிடி கடைசிப் படிக்கு முன்பே நின்றுவிடுவது. பிடிமானம் முடிந்ததும் தரை வந்துவிட்டது என்று கால் நினைத்துக்கொள்ளும். ஆனால் இன்னும் ஒரு படி பாக்கி இருக்கும்.

புதுக் கட்டடங்களில் வேறு கதை. கரண்ட் மிச்சம் பிடிக்க சென்சார் விளக்கு போடுகிறீர்கள். நல்லதுதான், ஆனால் இளைஞர்கள் ஏறும் வேகத்துக்கு அதை செட் பண்ணி வைத்திருக்கிறார்கள். எழுபதைத் தாண்டிய ஒரு மாமி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நிதானமாக இறங்குபவர், பாதிப் படிக்கட்டில் இருக்கும்போது விளக்கு அணைந்துவிட்டது. சென்சார் அடுத்த தளத்தில். அது எரிய வேண்டுமானால் அவர் இருட்டில் இன்னும் நாலு படி இறங்க வேண்டும். இரண்டாவது படியிலேயே தவறிவிட்டார். விளக்கு எரியும் நேரத்தை ஒரு நிமிடம் கூட்டி வைத்திருந்தால் போதும்.

லாபிக்குப் பளபளப்பான கிரானைட் போட்ட சொசைட்டிகளுக்கு ஒரு வார்த்தை. ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை குடைத் தண்ணீரும் ஈரச் செருப்பும் அங்கேதான் வந்து சேரும். பெரியவர்கள் கோயிலுக்கும் பாலுக்கும் கிளம்பும் காலை நேரத்தில்தான் லாபியைத் துடைத்து ஈரமாகவும் விடுகிறார்கள். துடைக்கும் நேரத்தை மாற்றுங்கள். நல்ல கனமான ரப்பர் மேட் போடுங்கள். வாசலில் டைல்ஸ் மேல் கோலம் போடுகிறவர்களிடமும் சொல்லி வையுங்கள், காய்ந்த கோலமாவு காலை வாரிவிடும். நடைபாதையில் கிடக்கும் செருப்பு ஸ்டாண்டுகளையும் பூந்தொட்டிகளையும் எடுக்கச் சொன்னால் சண்டை வரும் என்று எனக்குத் தெரியும். சண்டை வந்தாலும் எடுக்கச் சொல்லுங்கள்.

பணம் எங்கே என்பீர்கள். ரிப்பேர் ஃபண்ட் என்று கட்டுமானச் செலவில் வருடத்துக்கு 0.75 சதவீதம் வசூலிக்க சொசைட்டி விதிகளான பைலாவே சொல்கிறது. படி விளிம்பில் இரண்டு மூன்று காடி வெட்டி மஞ்சள் பட்டை அடிப்பதும், சுவர்ப் பக்கம் இன்னொரு கைப்பிடி பொருத்தி அதைக் கடைசிப் படியையும் தாண்டி நீட்டுவதும் பெயிண்டிங் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இன்னொன்று, என்ஓசி, அதாவது ‘ஆட்சேபம் இல்லை’ என்று கமிட்டி தரும் அனுமதிக் கடிதம். இந்தியன் டாய்லெட்டை கமோடாக மாற்றவோ பாத்ரூம் சுவரில் கைப்பிடி பொருத்தவோ கேட்டால், கீழ் வீட்டில் ஒழுகும் என்று மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் கமிட்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஒழுகாமல் செய்ய நிபந்தனை போடுங்கள். அனுமதியை மட்டும் ஒரே வாரத்தில் கொடுத்துவிடுங்கள். எண்ணெய்க் குளியல் வழக்கம் உள்ள நம் வீடுகளில் பாத்ரூம் தரை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்காரர்களும் பழைய புடவையில் தைத்த கால்மிதியைத் தூக்கிப் போடலாம். ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

படிக்கட்டு மோசமாக இருப்பதன் பெரிய நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு தடவை தடுக்கினாலே “இனிமே கீழே போகாதீங்கப்பா” என்று பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் மூன்றாவது மாடியில் அடைபட்டவருக்குத் தொடைத் தசை வேகமாக இளைக்கும், உடம்பின் நிதானம் போகும், வெயிலும் படாது. மூடிய ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் வைட்டமின் டி கிடைக்காது, அதற்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அடுத்த முறை வீட்டுக்குள்ளேயே விழுவார்.

அதனால் சொசைட்டி ஹாலையோ மொட்டை மாடியையோ வாரத்தில் மூன்று நாள் ஒரு மணி நேரம் பெரியவர்களுக்கு ஒதுக்குங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, குதிகாலை உயர்த்தி நிற்பது, பிடிமானத்தோடு ஒற்றைக் காலில் நிற்பது, குதிகாலை ஒட்டி விரலை வைத்து நேர்கோட்டில் நடப்பது, இவ்வளவுதான் பயிற்சி. உடற்பயிற்சி, விழும் எண்ணிக்கையைக் கிட்டத்தட்ட 23 சதவீதம் குறைக்கிறது என்று பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2019-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. வெறும் வாக்கிங் இதற்குப் போதாது, நிதானத்துக்கான பயிற்சியும் வேண்டும்.

சாப்பாடு, மருந்து எல்லாம் அவரவர் டாக்டர் பொறுப்பு, சுருக்கமாகச் சொல்கிறேன். கால்சியம் நாளுக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200. நூறு கிராம் கேழ்வரகில் 350 அளவுக்கு இருக்கிறது. பால், தயிர், எள், நெத்திலியும் உதவும். தூக்க மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ சாப்பிட்டு எழுந்ததும் தலை சுற்றினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு லேசாக விழுந்து எலும்பு முறிந்திருந்தால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றிக் கேட்க வேண்டும்.

உங்கள் வாட்ச்மேனுக்கு ஒன்று சொல்லித் தாருங்கள். விழுந்தவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தக் கூடாது. ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். அப்படியே படுக்கவிட்டு 108-ஐ அழைக்கட்டும். நிறைய லிஃப்ட்களில் ஸ்ட்ரெச்சர் நுழையாது, உங்களுடையதில் நுழையுமா என்று இப்போதே அளந்து வையுங்கள்.

எந்த சொசைட்டி கூப்பிட்டாலும் உங்கள் கமிட்டியோடு சேர்ந்து ஒரு தடவை படிக்கட்டு முழுக்க ஏறி இறங்கிக் குறித்துக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். இதற்கு ஃபீஸ் வேண்டாம். கட்டடத்தில் படியேறச் சிரமப்படும் ஒருவரையும் கூட வரச் சொல்லுங்கள். மழை நாளாக இருந்தால் நல்லது, எங்கே வழுக்குகிறது என்று நேராகவே பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
செம்பூர் வட்டாரத்தில் வீடு தேடிச் சென்று சிகிச்சை தரும் ஒரு ஃபிசியோதெரபிஸ்ட்