எக்கோவில் அந்த இரண்டாவது வரி

அன்புள்ள நண்பா,

கடிதமும் உன் அண்ணனின் எக்கோ (இதயத்தை ஒலி அலையால் பார்க்கும் ஸ்கேன்) ரிப்போர்ட் நகலும் கிடைத்தன. உன் கையெழுத்தைப் படிப்பதைவிட ரிப்போர்ட் படிப்பது சுலபமாக இருந்தது!

இ.எஃப். 60 சதவீதம், அதனால் இதய ரத்தக் குழாயில் அடைப்பு இல்லை என்று எழுதியிருக்கிறாய். அப்படிச் சொல்லிவிட முடியாது. இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எவ்வளவு பங்கை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்பதுதான் அந்த எண். 55க்கு மேல் இருந்தால் பம்ப் நன்றாக வேலை செய்கிறது, அவ்வளவுதான். ஒரு குழாய் 70 சதவீதம் அடைபட்டிருந்தாலும், படுத்திருக்கும்போது தசைக்குப் போதிய ரத்தம் போய்விடும். சுவரும் ஒழுங்காகவே அசையும். மாரடைப்பு வந்துபோன இடம்தான் மெலிந்து, அசைவில்லாமல் எக்கோவில் தெரியும்.

எனக்கு உறுத்துவது அடுத்த வரி. அயோர்ட்டிக் வால்வில், அதாவது இடது கீழறையிலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலில், ரத்தத்தின் வேகம் விநாடிக்கு 3.4 மீட்டர். சாதாரணமாக 2க்குள் இருக்க வேண்டும். வாசல் குறுகினால் வேகம் கூடும்; 4ஐத் தொட்டால் கடுமையான சுருக்கம். 3.4 நடுத்தரம் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் வேகத்தை அளக்கும் டாப்ளர் ஒலிக்கதிர் ரத்தம் பாயும் திசைக்கு நேராக விழாவிட்டால் வேகம் குறைத்தே பதிவாகும். 30 டிகிரி விலகினால் 4 மீட்டர் 3.5 ஆகிவிடும். வேகத்தை வர்க்கப்படுத்தி நான்கால் பெருக்கித்தான் வால்வின் இருபக்க அழுத்த வித்தியாசத்தைக் கணக்கிடுகிறார்கள். ஆகவே 64 மி.மீ. (பாதரச அளவு) இருக்க வேண்டிய இடத்தில் 48 என்று வரும்.

மாடி ஏறினால் நெஞ்சு இறுக்கம் என்கிறாரே, அது வால்வாலும் வரலாம், குழாய் அடைப்பாலும் வரலாம். வால்வு விஷயம் தெளிவாகும்வரை டிரெட்மில் சோதனையில் (நடக்க, ஓட வைத்து இதயத்தைப் பார்ப்பது) ஏற வேண்டாம். கடும் சுருக்கம் இருந்தால் மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்து. சி.டி. ஆஞ்சியோ (சாயம் ஏற்றி இதயக் குழாய்களைப் படமெடுப்பது) எடுப்பதானால் வால்வு பற்றி முதலிலேயே சொல்லிவிடு. அதற்காக நாக்கடியில் தரும் நைட்ரேட் (குழாயை விரிக்கும் மருந்து) ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவையும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

எக்கோவைத் திரும்ப எடுக்கச் சொல். மார்பெலும்பின் வலப்பக்கத்திலிருந்தும் பென்சில் புரோப் (பென்சில் போன்ற சிறு டாப்ளர் கருவி) வைத்து அளந்தார்களா என்று கேள். அவசரத்தில் பலர் விட்டுவிடும் இடம் அது. பல சமயம் உச்ச வேகம் அங்கேதான் கிடைக்கும். அப்போதும் சந்தேகம் தீராவிட்டால், சாயம் ஏற்றாத சி.டி.யில் வால்வின் கால்சியம் ஸ்கோர் (படிந்த சுண்ணாம்பின் அளவு) பார்க்கலாம். ஆண்களுக்கு அது 2000ஐத் தாண்டினால் கடும் சுருக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

புது ரிப்போர்ட் வந்ததும் எண்களை மட்டுமாவது எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்