பெட்டி நிறையச் சனிக்கிழமைகள்

கொலம்பஸ், ஒஹாயோ

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. பேப்பர் படிக்கிறாரா இப்போது? சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல்லு. வீட்டை விற்கப் போவதாக எழுதியிருந்தாயே, அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இங்கே பக்கத்து வீட்டுக்காரர் வேறு ஊருக்குக் குடிபோகிறார். நம்மைவிடப் பத்து வயது மூத்தவர். போன வாரம் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "உன் மகள் பார்ப்பாள்" என்று கொடுத்துவிட்டுப் போனார். மேலே இரண்டு டிவிடி தொகுப்புகள். 2009-இல் வார்னர் நிறுவனம் 'சாட்டர்டே மார்னிங் கார்ட்டூன்ஸ்' என்று போட்டது. முன்பெல்லாம் இங்கே பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் என்றால் பெரும்பாலும் சனிக்கிழமை காலைதான். ஒன்று அறுபதுகள், இன்னொன்று எழுபதுகள். அடியில், அவர் சின்னப் பையனாக இருந்தபோது டிவியிலிருந்து டெக்கில் பதிவு செய்த ஒன்பது வீடியோ கேசட்டுகள்.

டிவிடி அட்டையில் ஜெட்சன்ஸ், டாப் கேட் பெயர்களைப் பார்த்ததுமே உன் வீட்டு ஹாலுக்கு வந்துவிட்டேன். 1996 கோடை விடுமுறை. தெருவிலேயே முதல் கேபிள் உன் வீட்டில். அத்தை கொடுத்த அவலைத் தின்றுகொண்டே சிவப்பு சிமெண்டுத் தரையில் படுத்துக் கிடப்போம். பேசுவது பாதி புரியாது. பொழுது சாய்ந்தால் அதே சேனலில் பழைய ஆங்கிலப் படம் தொடங்கிவிடும், நாமும் எழுந்து தெருவுக்கு ஓடிவிடுவோம். நாம் பார்த்ததில் பாதி, அப்போதே முப்பது வருஷத்துப் பழசு, தெரியுமா? அவற்றை எடுத்த ஹன்னா பார்பெரா கம்பெனியை 1991-இல் டெட் டர்னர் என்ற டிவி முதலாளி வாங்கி, அந்தப் பழைய சரக்கை வைத்துத்தான் அடுத்த வருஷமே கார்ட்டூன் நெட்வொர்க்கை ஆரம்பித்தார். 1995-இல் அது நம் ஊருக்கும் வந்தது. இங்கே ஒரு தலைமுறை பார்த்து முடித்த சனிக்கிழமைகளைத்தான் நாம் எல்லா நாளும் பார்த்திருக்கிறோம்.

யோகி கரடி ஏன் எப்போதும் கழுத்தில் டை கட்டியிருக்கிறது என்று நீ ஒருமுறை கேட்டாய். இப்போது பதில் தெரியும். யோகியை உருவாக்கிய ஹன்னாவும் பார்பெராவும் முன்பு எம்ஜிஎம் சினிமா கம்பெனியில் டாம் அண்ட் ஜெர்ரி எடுத்தவர்கள். ஏழு ஆஸ்கர் வாங்கிய படவரிசை அது. 1957-இல் எம்ஜிஎம் தன் கார்ட்டூன் ஸ்டூடியோவை மூடிவிட்டது. டிவிக்கு வந்தால், முன்பு செலவழித்ததில் சிறு பங்குதான் கையில். அதனால் உடம்பை ஒரே தாளில் அப்படியே வைத்துக்கொண்டு தலையை மட்டும் வேறு தாளில் மாற்றி மாற்றி வரைந்தார்கள். இரண்டும் சேரும் கோட்டை மறைக்கத்தான் காலரும் டையும். ஓடும்போது பின்னால் அதே ஜன்னலும் அதே விளக்கும் திரும்பத் திரும்ப வருவதும் இதே சிக்கனம்தான். சோறு போட்ட தொழில் கைவிட்ட பிறகு, கையில் இருந்த காசுக்குள் ஒரு வழி கண்டுபிடித்தார்களே, அதை நினைத்தால் எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடுகிறது.

ஜெட்சன்ஸ் முதலில் சனிக்கிழமைக் கார்ட்டூனே இல்லையாம். 1962-இல் ஏபிசி சேனலில் இரவு நேரத் தொடராக வந்து 24 எபிசோடோடு நின்றுவிட்டது. அந்த 24-ஐயே சனிக்கிழமைக் காலைகளில் வருஷக்கணக்காகப் போட்டுப் போட்டு, பிள்ளைகள்தான் அதை வாழவைத்தார்கள்.

சரி, கேசட்டுக்கு வருகிறேன். டிவிடி கண்ணாடி மாதிரி தெளிவு. கேசட்டில் மழை பெய்கிறது. ஒரே கேசட்டில் ஆறு மணி நேரம் அடைக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் மெதுவான வேகத்தில் பதிவு செய்திருக்கிறார். முதல் கேசட்டில் விளம்பரம் வரும்போதெல்லாம் பதிவை நிறுத்தி வெட்டியிருக்கிறார். அப்புறம் சலித்துப்போய் விட்டுவிட்டார். அப்படி விட்டதுதான் பொக்கிஷம், மாப்ளே! சர்க்கரை பூசிய சோளப்பொரி விளம்பரங்கள், பொம்மை விளம்பரங்கள், இடைவேளைக்கு முன் "இதோ வந்துவிடுகிறோம்" என்று ஏபிசி பாடும் குட்டிப் பாட்டு, வாய்ப்பாட்டையும் இலக்கணத்தையும் பாட்டாகச் சொல்லித்தரும் மூன்று நிமிடப் படங்கள். ஓரிடத்தில் படத்துக்கு அடியில் பனிப்புயல் எச்சரிக்கை ஓடுகிறது. என்னோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அவர், அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். அப்பா அம்மா தூங்கிக்கொண்டிருக்க, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, கிண்ணத்தோடு டிவி முன்னால் தனியாக உட்கார்ந்திருந்த காலை அது என்று கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். டிவிடியை அவர் பல தடவை பார்த்திருக்கிறாராம். ஒரு தடவைகூட இந்தக் காலை நினைவுக்கு வரவில்லையாம்.

அந்தக் காலைகள் இப்போது இங்கேயும் கிடையாது. 1992-இல் என்பிசி சேனல் கார்ட்டூனை நிறுத்தியது. நாள் முழுக்கக் கார்ட்டூன் காட்டும் கேபிள் சேனல்கள் வந்தபின் சனிக்கிழமைக்காக யார் காத்திருப்பார்கள்? பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளில் விளம்பரத்துக்கும் கட்டுப்பாடு வந்தது, அது நல்லதுதான். என் மகள் அந்தச் சோளப்பொரி விளம்பரங்களைப் பார்த்து வளர வேண்டாம். கடைசியாக 2014 செப்டம்பரில் சிடபிள்யூ சேனலும் நிறுத்தியது. 2016-இல் டெக் தயாரிப்பே நின்றுபோனது. பழுதானால் கழற்றிப் பார்க்கவே ஆள் தேட வேண்டும். அதனால் இருக்கிற டெக் ஓடும்போதே ஒன்பது கேசட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். வேகமாக ஓட்டி ஏற்ற முடியாது; ஆறு மணி நேரத்துக்கு ஆறு மணி நேரம். நான்கு முடிந்துவிட்டது. இரண்டில் பூஞ்சை பிடித்திருக்கிறது, அதை நினைத்தால்தான் கவலை.

இப்போது வீட்டு விஷயம். விற்காதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. மாமாவால் மாடிப்படி ஏற முடியவில்லை என்றால் விற்பதுதான் சரி. ஒன்றே ஒன்று செய். சாவியைக் கொடுப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, டிவி இருந்த மூலையில் போனை நிறுத்தி வைத்து, ஒரு மணி நேரம் வீடியோ ஓட விடு. வீட்டைக் கூட்டிப் பெருக்கி அழகாக எடுக்க வேண்டாம். ஃபேன் கிறீச்சிடட்டும், அத்தை சமையல்கட்டிலிருந்து உன்னைக் கூப்பிடட்டும், தெருவில் உப்புக்காரர் போகட்டும். எதையும் வெட்டாமல் அப்படியே அனுப்பு.

அத்தைக்கும் மாமாவுக்கும் என் வணக்கம்.

அன்புடன்,
உன் மச்சான்