ரம்பத்திலிருந்து தொடங்கு

அன்புள்ள கண்ணா,

மே 29 அன்று உன் கிடார் வகுப்புப் பிள்ளைகளுக்கு அமெரிக்க நாட்டுப்புற கிடார் கலைஞர் டாக் வாட்சனைப் பற்றிச் சொல்லப் போகிறாய் என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். எதிலிருந்து தொடங்கலாம், எதை விடலாம் என்று கேட்டிருந்தாய். ஃபோனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

உன் குறிப்பின் முதல் வரி, "பார்வையற்ற கிடார் மேதை". அதை எடுத்துவிடு. தகவல் சரிதான். கைக்குழந்தையாக இருந்தபோதே கண்ணில் வந்த தொற்று அவர் பார்வையைப் பறித்துக்கொண்டது. ஆனால் இந்த வட கரோலினாவில் அவரை நெஞ்சில் வைத்திருப்பவர்களில் யாரும் அவர் கதையைக் கண்ணிலிருந்து தொடங்கி நான் கேட்டதில்லை. ரம்பத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். நீயும் அங்கிருந்தே தொடங்கு.

அவர் பிறந்தது 1923 மார்ச் 3. டீப் கேப் என்ற மலைக்கிராமம். ஆர்தெல் என்று பெயர் வைத்தார்கள். ஒன்பது பிள்ளைகளில் ஆறாவது பிள்ளை. பதினான்கு வயது வாக்கில் அவருடைய அப்பா, மரம் அறுக்கும் நீளமான ரம்பத்தின் ஒரு முனையை மகன் கையில் கொடுத்தார். இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாறி மாறி இழுக்கிற ரம்பம் அது. இந்தப் பிள்ளையால் என்ன முடியும் என்று ஊர் பேசிக்கொண்டிருந்திருக்கும்; அப்பா அதைப் பற்றிக் கவலைப்படாமல் வேலையில் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். நானும் உபயோகமான ஆள்தான் என்ற எண்ணம் தனக்கு வந்தது அந்த ரம்பத்தால்தான் என்று டாக் வயதான பிறகும் பேட்டிகளில் சொல்வார். ஒரு தாயாக நினைத்துப் பார்க்கிறேன். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் உன்னை மூலையில் பத்திரமாக உட்கார வைத்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. அந்த மனிதர் மேல் எனக்கு அத்தனை மரியாதை.

அதே அப்பாதான் அதற்கு முன்பே பையனுக்குப் பதினொரு வயதில் ஒரு பேஞ்சோவும் (தோல் போர்த்திய முகம் கொண்ட நரம்பு வாத்தியம்) செய்து கொடுத்தவர். அதன் முகத்துக்குப் போட்டது, செத்துப்போன ஒரு பூனையின் தோல். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல், கண் விரிய கேட்பார்கள். கஞ்சிராவுக்கு உடும்புத் தோல் போட்டுப் பழகிய நமக்கு அது ஒன்றும் அதிசயமில்லை. கிடார் வந்த கதையும் அப்பாவின் கதைதான். இரவல் கிடார் ஒன்றைப் பையன் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்து, நான் வேலை முடிந்து வருவதற்குள் ஒரு பாட்டு வாசிக்கக் கற்றுக்கொண்டால் உனக்கென்று ஒன்று வாங்கித் தருகிறேன் என்றாராம். சாயங்காலம் பாட்டு தயார். 12 டாலருக்கு ஒரு ஸ்டெல்லா கிடார் வீட்டுக்கு வந்தது.

"டாக்" என்ற பெயர் பிறகு ஒரு வானொலி நிகழ்ச்சியில் ஒட்டிக்கொண்டது. ஆர்தெல் என்று அறிவிப்பது வாய்க்கு வரவில்லையே என்று அறிவிப்பாளர் தயங்க, கூட்டத்திலிருந்து யாரோ "டாக் என்று கூப்பிடுங்கள்" என்று குரல் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

அடுத்து வருவதுதான் உன் பிள்ளைகளுக்கு முக்கியம், இதில் நேரம் எடுத்துக்கொள். கல்யாணமாகி இரண்டு குழந்தைகள், கையில் நிலையான வருமானம் இல்லை. பியானோக்களுக்குச் சுருதி சேர்த்துச் சம்பாதித்தார். 1953 வாக்கில் நடனக் கச்சேரிக் குழு ஒன்றில் எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கச் சேர்ந்தார். அந்தக் குழுவில் பிடில்காரர் கிடையாது. ஆனால் ஆட வருகிறவர்கள் பிடில் மெட்டுகளைத்தானே கேட்பார்கள்? அதனால் டாக் அந்த மெட்டுகளை ஒரு ஸ்வரம் விடாமல் கிடாரில் எடுத்தார். கம்பியைத் தட்டும் சின்னத் தகடான ஒரே ஒரு பிக்கை வைத்துக்கொண்டு மேலும் கீழுமாக மாற்றி மாற்றித் தட்டி, பிடில் வில் ஓடுகிற வேகத்துக்கு. அதுவரை நாட்டுப்புறக் குழுக்களில் கிடார் பெரும்பாலும் பின்னால் நின்று தாளம் பிடித்துக்கொண்டிருந்த வாத்தியம். இன்றைக்கு ஃபிளாட்பிக்கிங் என்று நீ சொல்லிக்கொடுப்பதில் பெரும்பகுதி, வயிற்றுப்பாட்டுக்காக ஒரு நடன அரங்கில் உருவானது, கண்ணா.

1960இல் ரால்ஃப் ரின்ஸ்லர் என்பவர் பழைய பாடகர் கிளாரன்ஸ் ஆஷ்லியைப் பதிவு செய்ய மலைக்கு வந்தபோது டாக்கைக் கண்டார். அப்போது அவரிடம் சாதாரண மரக் கிடார்கூட இல்லை. இரவல் வாங்கித்தான் வாசித்தார். மூன்றே ஆண்டுகளில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடை. 1964இல் வந்த இசைத்தட்டில் "பிளாக் மவுண்டன் ரேக்" என்ற பிடில் மெட்டைக் கேட்டு நாடு முழுவதும் பையன்கள் கிடாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். டாக்கின் மகன் மெர்லின் நினைவாக இங்கே நடக்கும் மெர்ல்ஃபெஸ்ட் இசை விழாவில் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: தட்டின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, ஊசியைத் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வைத்து, அந்த ஒரு மெட்டைக் கற்றுக்கொள்ளவே ஒரு குளிர்காலம் முழுக்க ஆனதாம். சொல்லும்போது அவர் விரல்கள் மடியில் வாசித்துக்கொண்டே இருந்தன.

இப்போது மெர்ல். இந்த இடத்தில் அவசரப்படாதே.

1949இல் பிறந்த மகனுக்கு, டாக் தனக்குப் பிடித்த கிடார்காரர் மெர்ல் டிராவிஸின் பெயரை வைத்தார். தொடக்க வருடங்களில் டாக் கச்சேரிகளுக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போனார். தெரியாத ஊர், தெரியாத நிலையம், கையில் கிடார். 1964இல் அப்படி வெளியூர் போயிருந்த சமயம், வீட்டில் பதினைந்து வயது மெர்லுக்கு கிடாரின் முதல் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை, காட்டிக்கொடுத்தது அவன் அம்மா, ரோசா லீ. எல்லாரும் அப்பாவும் மகனும் என்றுதான் பேசுகிறார்கள். நான் ஒவ்வொரு முறையும் இந்த அம்மாவை நடுவில் கொண்டுவந்து வைக்கிறேன். பிடில் கலைஞர் கெய்தர் கார்ல்டனின் மகள் அவர். கணவன் மனைவியில் ஒருவர் முன்னால் போய்விடும் பிரிவைப் பற்றி அவர் இயற்றிய ஒரு பாட்டைக் குடும்பமாகச் சேர்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். அதையும் கேட்டுப் பார். சில மாதங்களிலேயே மெர்ல் அப்பாவோடு பெர்க்லி இசை விழா மேடையில் வாசித்தான். அதற்குப் பிறகு இருபது வருடம் இருவரும் பிரியவில்லை. வண்டி ஓட்டியது மெர்ல், கணக்கு வழக்கு பார்த்தது மெர்ல், மேடையில் பக்கத்து நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்து ஸ்லைடு கிடார் வாசித்ததும் மெர்ல்.

1985 அக்டோபர் 23, டிராக்டர் கவிழ்ந்து மெர்ல் போய்விட்டான். முப்பத்தாறு வயது.

அடக்கத்துக்கு முந்தைய இரவு, இனி வாசிக்கப் போவதில்லை என்று டாக் முடிவு செய்துவிட்டார். அன்றிரவு ஒரு கனவு. இடுப்புவரை புதைமணலில் சிக்கியிருக்கிறார், தாங்க முடியாத இருட்டு. பலமான ஒரு கை வந்து பிடித்து இழுக்கிறது. வாங்கப்பா, உங்களால் முடியும் என்று மெர்லின் குரல். இதை அவரே சொல்லியிருக்கிறார். மறுபடி மேடை ஏறினார். இதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரியும். என்னால் இந்தப் பகுதியைச் சத்தம் போட்டுப் படிக்க முடியாது.

மெர்ல் நினைவாக, வில்க்ஸ்பரோவில் உள்ள சமுதாயக் கல்லூரியில் ஒரு தோட்டம் அமைக்க நினைத்தார்கள். பார்வையில்லாதவர்களும் தொட்டும் முகர்ந்தும் அனுபவிக்கும்படியான தோட்டம். அதற்குப் பணம் திரட்ட டாக் வாசித்துத் தருவார் என்று 1988இல் தொடங்கியதுதான் மெர்ல்ஃபெஸ்ட். முதல் வருடம் திறந்த லாரிகளை நிறுத்தி மேடையாக்கினார்கள். பிற்பாடு நான்கு நாள் விழாவில் ஆள் கணக்கு 75,000ஐத் தாண்டிய வருடங்கள் உண்டு.

டாக் கடைசியாக அங்கே வாசித்தது 2012 ஏப்ரல் 29, ஞாயிறு காலை, பக்திப் பாடல்கள். சரியாக ஒரு மாதத்தில், மே 29 அன்று வின்ஸ்டன் சேலம் மருத்துவமனையில் காலமானார். 89 வயது. ரோசா லீயும் அந்த நவம்பரிலேயே போய்விட்டார்.

அவர் இல்லாமல் இந்த விழா நிலைக்காது என்று அப்போது பலர் நினைத்தார்கள், நானும்தான் கவலைப்பட்டேன். நீ ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். பெரிய மேடைகளை விடு. வண்டி நிறுத்துமிடத்தில், கூடாரங்களுக்கு நடுவே, மரத்தடியில், நான்கைந்து பேராக வட்டம் போட்டு வாசிக்கிறார்கள். முன்பின் தெரியாதவர்கள். ஒருவர் மெட்டைத் தொடங்குவார், மற்றவர்கள் சுருதி பிடித்துக்கொள்வார்கள், தன் முறை வந்ததும் ஆளுக்கொரு சுற்று. சின்னப் பெண் ஒருத்தி தடுமாறினால் வட்டம் வேகத்தைக் குறைத்து அவளுக்காகக் காத்திருக்கிறது. அவர் பெயரில் கிடார் போட்டியும் நடக்கிறது. அதில் வாசிக்கும் இளைஞர்களில் பலர் டாக்கை நேரில் பார்த்திருக்க வயதில்லை. டாக்கிடமிருந்து கிளாரன்ஸ் ஒயிட் என்ற கிடார்காரர் எடுத்துக்கொண்டார், கிளாரன்ஸிடமிருந்து டோனி ரைஸ். அவர்களும் போய்விட்டார்கள். அந்த வாசிப்பு மட்டும் இப்போது இந்தப் பையன்கள் விரலில் இருக்கிறது. அஞ்சலி என்று மௌனமாக நிற்பதை நான் அங்கே அதிகம் பார்க்கவில்லை. வாசித்துக்கொண்டேதான் நினைக்கிறார்கள்.

அவரைப் பற்றிப் பேசும்போதும் பரிசுகளை யாரும் அடுக்குவதில்லை. 1997இல் அதிபர் கிளின்டன் கையால் தேசியக் கலைப் பதக்கம் வாங்கியவர், பல கிராமி இசை விருதுகள் பெற்றவர் என்பதெல்லாம் கேட்டால்தான் வரும். தன் வீட்டு மின்சார வயரிங்கைத் தானே செய்துகொண்டவர் என்பதைத்தான் முதலில் பெருமையாகச் சொல்கிறார்கள். டீப் கேப் பக்கத்தில் உள்ள பூன் ஊர்க் கடைத்தெருவில் இளம் வயதில் சில்லறைக்கு வாசித்தவர் அவர், அந்தத் தெருவிலேயே 2011இல் அவருக்குச் சிலை வைத்தார்கள். பீடம் கிடையாது. ஒரு பெஞ்சில் கிடாரோடு உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் இடம் காலியாக விட்டிருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். மக்களில் நானும் ஒருவன், அவ்வளவுதான் என்ற பொருளில் எழுத வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. அப்படியே பொறித்திருக்கிறார்கள். "மேதை" என்று நீ எழுதியது எனக்கு உறுத்தியதும் அதனால்தான். அந்த மனிதர் உயிரோடு இருந்து ஒரு வரி கேட்டு வாங்கியிருக்கிறார், அதை மதிப்போமே.

கண்ணைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் சொல். கேட்ட பிறகு சொல்.

இன்னொன்று. "பிளாக் மவுண்டன் ரேக்" எடுத்த எடுப்பில் வேண்டாம், விரல் சுளுக்கிக்கொள்ளும், வெறுத்தும் போய்விடும். எளிதான பிடில் மெட்டு ஒன்றை எடுத்து, முதலில் நீ மெதுவாக வாசித்துக் காட்டு, பிறகு வட்டமாக உட்காரவைத்து ஆளுக்கொரு சுற்று கொடு. பேச்சு பத்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம், மீதி நேரம் வாசிப்பே இருக்கட்டும்.

அப்பா நன்றாக இருக்கிறார். அடுத்த ஏப்ரல் விழாவுக்கு உனக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கட்டுமா என்று கேட்கிறார், லீவு கிடைக்குமா பார்த்துச் சொல். வகுப்பு முடிந்த அன்றே கூப்பிடு, எத்தனை நேரமானாலும் பரவாயில்லை. எந்தப் பிள்ளை என்ன கேட்டது என்று ஒன்று விடாமல் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அம்மா