சத்திரக்காரனைத் தேடிப் போகச் சொல்

டெல்லி, மயூர் விஹார்

அன்பு மக்கா,

உன் கடிதம் வந்தது. வாட்ஸப்பில் நாலு வரி தட்டிவிடுகிறவன் பேனாவை எடுத்திருக்கிறாய் என்றதுமே வீட்டில் ஏதோ பெரிய பேச்சு ஓடுகிறது என்று தெரிந்துவிட்டது. இதற்கு மொபைலில் பதில் தட்ட எனக்கும் முடியாது.

முதலில் இங்கத்திச் செய்தி. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, லிஃப்ட் புண்ணியத்தில் வெளியே போய் வருகிறேன். சபையில் தமிழ் ஆராதனைக்கு ஆள் குறைந்துகொண்டே போகிறது. நம் வயசுக்காரர்கள், ஆர்.கே.புரத்திலும் சரோஜினி நகரிலும் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள், ரிட்டையர் ஆகி ஊரைப் பார்க்கப் போய்விட்டார்கள். இருக்கிற பிள்ளைகளுக்குப் பாட்டுப் புத்தகம் வாசிக்க வரவில்லை. கீர்த்தனைகளை ஆங்கில எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கிறோம், ராகம் மட்டும் பிசகாமல் பாடிவிடுகிறார்கள்.

சரி, உன் மகள் பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். நர்ஸ் வேலையில் நல்ல பெயர் எடுத்தவள், ஏதோ கிறிஸ்தவ நிவாரண அமைப்பில் பேரிடர்த் தொண்டராகப் பெயர் கொடுத்திருக்கிறாள், பயிற்சிக்கு டெல்லி வருகிறாள். உனக்குப் பெருமையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. பூகம்பம் நடந்த ஊரில் பெண்பிள்ளை எங்கே தங்குவாள் என்பது ஒரு பயம். மதம் மாற்ற வந்தார்கள் என்று யாராவது போலீஸில் பிடித்துக் கொடுத்தால் என்ன செய்வது என்பது இன்னொன்று. நேபாளத்துக்குப் போய் வந்தவன் என்பதால் என்னைக் கேட்கிறாய். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முடிவு நீங்கள் வீட்டில் எடுங்கள். அவளே எடுத்துவிட்டாள் என்று உன் எழுத்தைப் பார்த்தால் தோன்றுகிறது.

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. நம் நேரப்படி பகல் 11.41. டெல்லியிலேயே ஃபேன் ஆடியது, மெட்ரோவைக் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். மையம் நேபாளத்தின் கோர்க்கா மாவட்டத்தில் பார்பாக் பக்கம், அளவு 7.8. ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள், சுமார் 5 லட்சம் வீடுகள் முழுதாகத் தரைமட்டம். எங்கள் குடியிருப்பு இரவுக் காவலாளிக்குத் தாதிங் மாவட்டத்தில் மலைமேல் ஊர். கேட்டில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார், லைன் போகவே இல்லை. டெல்லியில் கேட்டுக்குக் கேட் ஒரு நேபாளி நிற்கிறார் அல்லவா, அதனால் இங்கே யாருக்கும் அது வேறு நாட்டுச் செய்தியாகப் படவில்லை.

அன்றைக்குச் சனிக்கிழமை என்பதை நீ கவனிக்க வேண்டும். அங்கே வார விடுமுறை அன்றுதான். பள்ளிக்கூடங்கள் காலியாக இருந்ததால் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆனால் அதே விடுமுறையால் சபைகள் ஆராதனைக்குக் கூடுவதும் சனிக்கிழமைதான். சில இடங்களில் ஆராதனை நடக்கும்போதே கட்டடம் விழுந்து உள்ளே இருந்தவர்கள் போய்விட்டார்கள். இதற்குத் தேவசித்தம் என்று விளக்கம் சொல்ல வருகிறவர்களிடம் நான் அன்றிலிருந்து காது கொடுப்பதில்லை.

சபையில் காணிக்கை எடுத்தோம், ஒரு குழு கிளம்பியது. இரண்டு நர்சுகள், ஒரு சிவில் இன்ஜினியர், சில வாலிபர்கள், அப்புறம் நான். கோரக்பூர் வரை ரயில், சோனௌலியில் எல்லை தாண்டி, பைரஹவா, நாராயண்கட், முக்லிங் என்று மலை ஏறினோம். காத்மாண்டு விமான நிலையத்துக்கு ஓடுபாதை ஒன்றே ஒன்று. சரக்கு விமானங்கள் இறங்கி இறங்கி அது சேதமாகி, மே தொடக்கத்தில் கனமான விமானங்களைத் தடுத்துவிட்டார்கள். சாலை வழியே போனதில் நாங்கள் ஒன்றும் இழக்கவில்லை.

ஆடிட் ஆபீஸில் தலை நரைத்தவனுக்கு மலைமேல் என்ன வேலை என்று நீ சிரிப்பாய். ஸ்டாக் ரெஜிஸ்டர். தார்ப்பாய் எத்தனை வந்தது, எந்த வார்டுக்கு எத்தனை போனது, யார் கையெழுத்து, யார் கைநாட்டு. தகர ஷெட்டுக்குள் உட்கார்ந்து அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். மே 12-இல் 7.3 அளவில் மறுபடி ஆட்டியபோதும் நோட்டோடுதான் வெளியே ஓடினேன். சபையில் எழுந்து அனுபவ சாட்சி சொல்லும்போது யாரும் இந்த மாதிரி வேலையைச் சொல்வதில்லை. ஆனால் கணக்கு இல்லாத கோடவுனில் முதலில் காணாமல் போவது கடைசி வீட்டுக்காரனின் பங்குதான். ஊர்ப் பட்டியலைக் கட்சிக்காரர்கள் போடுவார்கள், சாலையோர வீடுகளுக்கு இரண்டு முறை போய்ச் சேரும், தலித் குடியிருப்பு பட்டியலின் அடியில் கிடக்கும். பாதி வீடுகளில் ஆண்கள் வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருந்தார்கள். கிழவிகள் வந்து நிற்பார்கள், தகரக் கட்டைத் தூக்க அவர்களால் முடியாது. கொடுத்தால் போதாது, வீடு வரை சுமக்கவும் ஆள் வேண்டும். எங்கள் வாலிபர்கள் அதை நன்றாகச் செய்தார்கள், பாராட்ட வேண்டும்.

அங்கே எங்களை வைத்து வேலை வாங்கியவர் உள்ளூர் பாஸ்டர் ஒருவர், தாமாங் இனத்தவர். அவருடைய வீடும் போய், சபைக் கட்டடமும் போயிருந்தது. டெல்லியில் காணிக்கை கொடுத்த சில பெரியவர்கள் எனக்குப் போன் போட்டு, விசுவாச வீட்டாருக்கு, அதாவது கிறிஸ்தவர்களுக்கு, முதலில் கொடுக்கச் சொல்லியிருக்கிறதே, வேதாகமத்தில் பவுல் கலாத்தியருக்கு எழுதியது தெரியாதா என்று கேட்டார்கள். நான் அதை அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. இந்த ஊரில் நாங்கள் வாழப்போகிறவர்கள், நீங்கள் அடுத்த மாதம் போய்விடுவீர்கள் என்றார். கடைசியாக வாங்கியது அவருடைய சபையார்தான். அதில் அவருக்குச் சொந்த சபையிலேயே மனத்தாங்கல் வந்தது, அதையும் அவர்தான் சுமந்தார். பேனர் கட்டி, தார்ப்பாய் வாங்குகிறவர்களை வரிசையில் நிற்கவைத்துப் போட்டோ அனுப்பச் சொல்லி வேறு டெல்லியிலிருந்து நச்சரிப்பு. இந்திய டிவி நிருபர்கள் துக்க வீட்டில் மைக்கை நீட்டியதற்கு நேபாளிகள் இணையத்தில் கொதித்த நேரம் அது. நாங்களும் கேமராவைத் தூக்கினால் என்ன வித்தியாசம்? நான் ரெஜிஸ்டர் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அவர்களுக்கு அது ருசிக்கவில்லை.

பாப்பாவுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது எங்கள் இரண்டு நர்சுகளைப் பற்றி. வந்த பல குழுக்கள் மேசை போட்டு மெடிக்கல் கேம்ப் நடத்திப் பாராசிட்டமாலும் விட்டமின் மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போயின. அதனால் கெடுதல் என்று சொல்லமாட்டேன். ஆனால் பூகம்பத்தில் பிழைத்தவனுக்கு இருக்கும் கஷ்டம் அந்த மாத்திரையில் தீராது. முதுகெலும்பு முறிந்தவனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்து அதிலேயே போய்விடுவான். இது நான் சொல்லி அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்த இரண்டு பேரும் தனிக் கேம்ப் வேண்டாம் என்று சொல்லி, ஏற்கெனவே அங்கே இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் போய் நின்று, டியூட்டி ரோஸ்டரில் எங்களையும் போடுங்கள் என்றார்கள். இரவு ஷிஃப்டைக் கொடுத்தார்கள், மாதக்கணக்கில் பார்த்தார்கள்.

அப்படிப்பட்ட இடங்கள் அங்கே பழையவை. காத்மாண்டுக்குத் தெற்கே ஆனந்தபனில் தொழுநோய் மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது. பூகம்பத்தில் கட்டடம் விரிசல் விட்டும், காயப்பட்டவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. பொக்ராவில் கிரீன் பாஸ்ச்சர்ஸ் என்ற ஆஸ்பத்திரி முதுகெலும்பு நோயாளிகளை எடுத்துக்கொண்டது. ஐக்கிய நேபாள மிஷன் 1954 முதல் அங்கே இருக்கிறது. மதம் மாற்றும் வேலையில் இறங்கமாட்டோம் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துத்தான் உள்ளேயே வந்தார்கள். இங்கே டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இம்மானுவேல் ஹாஸ்பிட்டல் அசோசியேஷன் எல்லையோரம் ரக்சவுலில் டங்கன் ஆஸ்பத்திரியை நடத்துகிறது. வேலூரில் படித்த நம் பிள்ளைகள் அந்த மாதிரி ஆஸ்பத்திரிகளில் சத்தமில்லாமல் வருஷக்கணக்கில் இருக்கிறார்கள்.

கள்ளர் கையில் அடிபட்டு வழியில் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சத்திரத்தில் சேர்த்த நல்ல சமாரியன் கதையை நாம் சண்டே ஸ்கூல் காலத்திலிருந்து கேட்கிறோம். சமாரியன் ஒரு ராத்திரிதான் இருந்தான், மறுநாள் கிளம்பிவிட்டான். அடிபட்டவனுக்குக் கஞ்சி கொடுத்து, கட்டு மாற்றி, எழுந்து நடக்கும்வரை பார்த்தவன் சத்திரக்காரன். அவனை வைத்து ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை. சமாரியனின் கெட்டிக்காரத்தனம், தான் போக வேண்டியவன் என்று தெரிந்து இருக்கப்போகிறவன் கையில் காசைக் கொடுத்தது. வெளியூரிலிருந்து போகிற தொண்டர் யாராக இருந்தாலும் போய்விடப் போகிறவர்தான். எனவே பாப்பாவிடம் நீ கேட்க வேண்டியது, எந்த ஊருக்குப் போகிறாய் என்பதைவிட, அங்கே உன் சத்திரக்காரன் யார் என்பதுதான். அவள் அமைப்பு பேரிடருக்கு முன்பே அங்கே ஆள் வைத்திருந்ததா? இவள் யாருக்குக் கீழே வேலை செய்வாள்? அதற்குப் பதில் இருந்தால், எங்கே தங்குவாள் என்ற உன் முதல் பயத்துக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

இரண்டாவது பயம் வெறும் பயமில்லை. அந்தச் சமயத்தில், நிவாரணத்தோடு வேதாகமமும் அனுப்புவோம், பணம் தாருங்கள் என்று சிலர் இணையத்தில் எழுதப்போக, ஆத்துமாவுக்கு அலைகிற கழுகுகள் என்று ட்விட்டரில் ஊரே கிழித்தது. அதில் பாதி அரசியல்தான், தெரியும். மீதிப் பாதி நியாயம். அதே வருஷம் செப்டம்பரில் வந்த நேபாள அரசியல் சட்டம் பிறரை மதம் மாற்றுவதைத் தடை செய்தது. 2016 ஜூனில் சரிகோட் என்ற ஊரில், பூகம்பத்தில் மனம் கலங்கிய பிள்ளைகளுக்கு நடத்திய ஆறுதல் நிகழ்ச்சியில் இயேசுவின் கதைப் படப்புத்தகம் கொடுத்ததாக எட்டுப் பேரைக் கைது செய்தார்கள். டிசம்பரில் கோர்ட் விடுவித்துவிட்டது. அவர்களைக் கைது செய்தது தப்பு என்றுதான் நானும் நினைக்கிறேன். இருந்தாலும் ராத்திரி அலறி எழுகிற ஆறு வயசுப் பிள்ளைக்கு அந்தப் புத்தகம் வேண்டாம் என்று சொல்லத் தெரியுமா? தார்ப்பாய்க்காக நிற்கிற அவன் அம்மாவுக்குத்தான் சொல்ல முடியுமா? வேண்டாம் என்று சொல்ல முடியாதவர்களிடம் கொடுப்பதற்குச் சுவிசேஷம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. சபையில் இதைச் சொல்லி நான் கொஞ்சம் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

சட்டத்துக்குப் பயந்து சொல்வதுமில்லை. நிவாரணத்தை எந்த அரசியல், மதக் கருத்தை வளர்க்கவும் பயன்படுத்தக்கூடாது என்று செஞ்சிலுவை இயக்கத்தின் 1994 நடத்தை விதியில் இருக்கிறது. அந்த விதியை உருவாக்க முன்நின்றவர்களில் கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான காரித்தாஸும் லுத்தரன் உலகச் சம்மேளனமும் உலகத் திருச்சபைகள் மன்றமும் உண்டு. சபைகள் தாங்களே போட்டுக்கொண்ட வேலி அது. பாப்பாவின் அமைப்பு அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல். போட்டிருந்தால், பயிற்சியில் அதைச் சொல்லித் தருகிறார்களா என்றும் பார்க்கச் சொல். அந்தக் காவலாளியே என்னிடம் ஒருமுறை, உங்கள் ஆட்கள் ஏன் இதெல்லாம் செய்கிறார்கள் என்று கேட்டார். கேட்டதற்குப் பதில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு டீ சொன்னார், அவ்வளவுதான்.

அவர் குடும்பம் பிழைத்தது, மாடுகள் போயின. வீடு எழும்பப் பல வருஷம் ஆயிற்று. அரசாங்கம் தவணையாக 3 லட்சம் நேபாள ரூபாய் தந்தது. அதற்குக் குடியுரிமைச் சான்றும் நிலப் பத்திரமும் வேண்டும், இரண்டுமே இல்லாத விதவைகள் அங்கே நிறைய. பூகம்பம் முடிந்த அந்த செப்டம்பரில் இந்திய எல்லை அடைபட்டு, அடுத்த பிப்ரவரி வரை டீசலும் மருந்தும் தட்டுப்பாடு. எங்கள் இன்ஜினியர் அதற்கப்புறமும் லீவு கிடைத்தபோதெல்லாம் போய்க் கொத்தனார்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். மண்ணில் அடுக்கிய கல் சுவர்தான் ஆட்களைக் கொன்றது. அதே கல்லைச் சுவரின் குறுக்கே கோத்து, நடுநடுவே மரத்தாலோ கான்கிரீட்டாலோ பட்டை ஓட்டினால் நிற்கும் வீடாகக் கட்டலாம். டிவிக்காரர்கள் எப்போதோ போயிருந்தார்கள். நீ சுனாமி சமயத்தில் நாகப்பட்டினத்துக்குப் போனவன், பழைய துணி மலைமலையாகக் கிடந்ததைப் பார்த்தவன், உனக்கு இதெல்லாம் புதிதில்லை.

பாப்பாவைத் திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடு, நிஜாமுதீனில் நான் நிற்பேன். பயிற்சி முடியும்வரை எங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும், ஹாஸ்டல் பேச்சே வேண்டாம் என்று என் வீட்டுக்காரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஸ்வெட்டர் இங்கே இருக்கிறது, நல்ல ஷூ மட்டும் வாங்கிக் கொடு. அந்த இரண்டு நர்சுகளில் ஒருத்தி இன்னும் இங்கேதான் இருக்கிறாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு இருவரையும் பேசவிடலாம் என்று இருக்கிறேன். மைனியிடம் நான் விசாரித்ததாகச் சொல். முந்திரிக்கொத்து கொடுத்து அனுப்பினால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சுகர் பற்றி நீ ஒன்றும் எழுத வேண்டாம்.

உன்
பழைய ரூம்மேட்