அடிமனை நீங்கலாக

சென்னை
16-11-2025

அன்புள்ள வசந்தா,

தீபாவளிக்கு முதல் நாள் வந்த உன் கடிதத்துக்கு இத்தனை நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். முட்டி அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. பேத்திக்கு நீ தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுப்பதையும், 'ழ'வுக்கு வால் போடுவதில் உங்கள் இருவருக்கும் நடக்கும் சண்டையையும் என் கணவருக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். பதில் தாமதமானதற்குக் காரணம் நீ கடைசியில் எழுதியிருந்த ஒரே வரிதான்: "கும்பகோணத்தில் வீடு வாங்கு, ஆனால் ஆற்றங்கரையில் மட்டும் வேண்டாம்." போய்ப் பார்க்காமல் அதற்குப் பதில் எழுத மனம் வரவில்லை. ஐப்பசியில் இரண்டு தடவை உழவன் எக்ஸ்பிரஸில் போய் வந்துவிட்டேன். இப்போது எழுத விஷயம் இருக்கிறது.

முதலில் உன் பயத்தைப் பற்றி. ஆற்றங்கரை என்றால் வெள்ளம் என்கிறாய். ஈக்காட்டுத்தாங்கலில் நாங்கள் இருந்த வீட்டை நீ பார்த்திருக்கிறாய். அடையாறு அங்கிருந்து அரைக் கிலோமீட்டர் இருக்கும். ஆனால் குடியிருந்த 19 ஆண்டுகளில் அதை ஓர் ஆறாக நாங்கள் நினைத்ததே இல்லை, பாலத்தைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்வதோடு சரி. 2015 டிசம்பர் 2 விடியற்காலையில் அது படுக்கையறைக்குள் வந்து மெத்தையை மிதக்கவிட்டபோதுதான், இத்தனை காலமும் ஆற்றங்கரையில் குடியிருந்திருக்கிறோம் என்று தெரிந்தது. தெரியாமல் ஆற்றங்கரையில் இருந்ததைவிடத் தெரிந்து இருப்பது மேல் என்பது என் கட்சி.

காவிரியின் கதையும் வேறு. மேட்டூரிலிருந்து எவ்வளவு தண்ணீர் வந்தாலும், முக்கொம்பிலும் கல்லணையிலும் மிகுதியைக் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோவது கொள்ளிடத்தின் வேலை, வயலுக்குப் பாய்வது காவிரியின் வேலை. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் பழைய கதவணையின் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போனது நினைவிருக்கிறதா? அதுகூடக் கொள்ளிடத்தின் பக்கம்தான். வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டு, கும்பகோணத்துக்கு வரும்போது காவிரி இளைத்துப் போயிருக்கிறது. தவிர, டெல்டாவில் ஆறு பள்ளத்தில் ஓடுவதில்லை. நூற்றாண்டுக் கணக்கில் தான் கொண்டுவந்து கொட்டிய வண்டலின் மேல், சுற்றியுள்ள வயல்களைவிடச் சற்று மேடான இடத்தில் ஓடுகிறது. பழைய தெருக்களைக் கரையை ஒட்டி அமைத்தவர்கள் இதை அறிந்தே செய்திருக்க வேண்டும். நான் போயிருந்த அன்று ஒரு மணி நேரம் அடித்துப் பெய்த மழையில், தெருத் தண்ணீர் ஆற்றுப் பக்கம் போகாமல் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெற்கே ஓடியதைத் திண்ணையில் ஒதுங்கி நின்று கண்ணாலேயே பார்த்தேன்.

இனி வீட்டுக்கு வருகிறேன். கல்லூரி நாட்களில் விடுதிக் காப்பாளரிடம் கோயிலுக்கு என்று பொய் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்திருப்போமே, அந்தப் படித்துறைக்குப் போகும் தெருதான். பெயரை எழுத வேண்டியதில்லை. 18 அடி அகலம், 136 அடி நீளம், அந்த ஊர்க் கணக்கில் 17 குழி. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுப்பங்கரை, கொல்லையில் கிணறு என்று ரயில் பெட்டி போல ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறது. கூடத்துக்கு மேலே தேக்கு உத்தரம் போட்ட, மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய பாணிக் கூரை; ஊஞ்சல் சங்கிலிக்கான கொக்கிகள் நான்கும் அப்படியே தொங்குகின்றன. என் கணவர் அந்தக் கொக்கிகளைப் பார்த்த மாத்திரத்தில் வீட்டை வாங்கிவிட்டார் என்றே சொல்லலாம். அவரை அங்கேயே நிறுத்திவிட்டு நான் உள்ளே போனேன். இடுப்பு உயரம் வரை சுவர் உப்புப் பூத்திருந்தது. விரல் முட்டியால் தட்டினால் காரை உள்ளே பொள்ளலாக ஒலித்து, மாவு போல உதிர்ந்தது. பின்கட்டு வாசல் நிலையின் கீழ்ப்பகுதியில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினேன்; ரஸ்க்கில் அழுத்தியதுபோல் உள்ளே போயிற்று. வெளியே பெயிண்ட் மட்டும் புதிது. கரையான் மீதியைச் சாப்பிட்டிருக்கிறது. இரண்டு பக்கமும் பொதுச் சுவர் என்பதால், இடித்துக் கட்டுவதென்றால் இரு வீட்டாரின் சம்மதமும் வேண்டும்.

கேட்ட விலை 68 லட்சம். "2028-இல் மகாமகம் வருதும்மா, அடுத்த வருஷம் இந்தத் தெருவுல நீங்க விலையே கேக்க முடியாது" என்றார் தரகர். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஒரு நாள் வரும் கூட்டத்துக்காக வீட்டு விலை எதற்கு ஏறவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. 2016 மகாமகத்துக்கு முன்பும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். வீட்டுமூலத்தைப் பார்க்காமல் இருக்க முடியுமா? வங்கியில் 30 ஆண்டுகள் பிறர் பத்திரங்களைப் புரட்டிய பழக்கத்தில், மூலப்பத்திரத்திலிருந்து எல்லா நகலும் வேண்டும் என்றேன். 1958, 1983, 2004 என்று மூன்று கிரயப் பத்திரங்கள் வந்தன. வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது. முதல் இரண்டைப் படித்தபோது எனக்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை. மூன்றாவதில், சொத்து விவரத்தில் நான்கெல்லை எல்லாம் சொல்லி முடித்த பிறகு, பக்கத்தின் அடியில் இரண்டே சொற்கள்: "அடிமனை நீங்கலாக." திரும்பிப் போய்ப் பார்த்தால் 1958 பத்திரத்திலும் அதே சொற்கள், கூட்டெழுத்தில் கிறுக்கியிருந்ததால் கண்ணில் படவில்லை. டவுன் சர்வே பதிவேட்டில் மனை ஒரு கோயிலின் பெயரில் இருக்கிறது. அதாவது, 68 லட்சத்துக்கு நான் வாங்கப் போவது உப்புப் பூத்த சுவரும் கரையான் தின்ற நிலையும் நான்கு கொக்கிகளும். அவை நிற்கிற மண் சுவாமியுடையது.

தரகரைக் கேட்டால் அவருக்குக் கோபமே வரவில்லை. "இந்தத் தெருவுல பாதி வீடு அப்படித்தாம்மா. மூணு தலைமுறையா இருக்காங்க, யாரு காலி பண்ணச் சொன்னாங்க?" உண்மைதான், யாரும் சொல்லவில்லை. அந்த ஊரில் அது யாருக்கும் புதிதும் இல்லை. ஆனால் 1959 அறநிலையச் சட்டத்தின்படி, கோயில் மனையை விற்பதற்கும் 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவதற்கும் அறநிலையத் துறையின் அனுமதி வேண்டும். பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவைக் காட்டிச் சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிவு செய்யாமல் திருப்பி அனுப்பலாம். கோயிலுக்குக் கட்டும் மனை வாடகையை அவ்வப்போது நியாய வாடகை என்று திருத்துவார்கள். எங்களுக்குப் பிறகு மகன் விற்க நினைத்தால் இதே பக்கத்தை வேறொருவர் திருப்பிப் பார்ப்பார். கோயில் நிலம் கோயிலுக்கே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சொல்லாமல் விற்கப் பார்த்ததுதான் உறுத்துகிறது. வெள்ளத்துக்குப் பயந்துகொண்டு போனவள் பத்திரத்தில் முழுக இருந்தேன்.

இரண்டாவது வீட்டைப் பற்றி நீ கேட்பாய். அரசலாற்றுக்குத் தெற்கே ஒரு புது நகரில், தெளிவான பட்டாவோடு, 62 லட்சத்துக்கு, எட்டு வயதான மாடி வீடு. முத்திரைத்தாளும் பதிவும் சேர்த்து 9 விழுக்காடு, அதாவது மேலும் ஐந்தரை லட்சத்துக்குச் சற்று அதிகம். (பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைத்திருக்கிறார்கள்; ஆனால் சொத்து 10 லட்சத்துக்குள் இருக்க வேண்டுமாம். அந்தப் பணத்துக்குக் கும்பகோணத்தில் கொல்லைக் கிணறு வேண்டுமானால் கிடைக்கும்.) பத்திரத்தில் குறையே இல்லை. எதிர் வீட்டு அம்மாள்தான் காபி கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "கார்த்திகையில வந்து பாருங்க, வாசல் படி வரைக்கும் தண்ணி நிக்கும்." நெல் வயலாக இருந்த இடம், மண் அடித்து மேடாக்கி மனை பிரித்தபோது வடிகால் வாய்க்காலின் மேலேயே சாலை போட்டிருக்கிறார்கள். ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இந்த வீட்டில் தண்ணீர் நிற்கும், ஆற்றங்கரை வீட்டில் நிற்காது. உன் வரிக்கு நேரான பதில் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே இரண்டையும் வாங்கவில்லை. ஊரை விட்டுவிட்டோம் என்று நினைத்துவிடாதே. ஓய்வூதியத்தில் இருவர் நிம்மதியாக இருக்கவும், மாநகராட்சியாகி நான்காண்டு ஆன பிறகும் காய்கறிக் கடைக்கு நடந்தே போய் வரவும் அந்த ஊரில்தான் முடியும். என் கணவரின் இதயத்துக்குப் பெரிய மருத்துவம் தேவைப்பட்டால் தஞ்சாவூர் 40 கிலோமீட்டர். அது ஒரு குறைதான், அதை எந்த வீடும் தீர்க்காது.

அதே படித்துறைத் தெருவில், நான்கு வீடு தள்ளி, பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் முன்கட்டை 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்குப் பேசி முன்பணம் கொடுத்திருக்கிறேன். தை பிறந்ததும் போகிறோம். ஆடியில் போகலாமே, அப்போதுதான் ஆறு அழகாக இருக்கும் என்று மகன் சொன்னான். எல்லோரும் ஆடிப்பெருக்கில் ஆற்றைப் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். ஜனவரி 28-இல் மேட்டூரை மூடிய பிறகு, மாசி, பங்குனியில் மணல் தெரிந்து, கடைசிப் படிக்கருகில் தேங்கிய சாக்கடைக் குட்டையும் அதைச் சுற்றிக் காட்டாமணக்கும் கொசுவுமாகக் கிடக்கும் காவிரியோடு முதலில் இருந்து பார்க்க வேண்டும். 2024-இல் அணையைத் திறக்க ஜூலை 28 ஆயிற்று. இந்த ஆண்டு ஜூன் 12-லேயே திறந்தார்கள். எந்த ஆண்டு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாத ஆற்றின் எதிரே, வறண்ட மாதங்களை எங்களால் சகிக்க முடிந்தால் அதன் பிறகு பத்திரத்தைத் தேடலாம். என் கணவருக்கு இதில் வருத்தம்தான். ஊஞ்சல் பலகைக்கு ஆசாரியிடம் விலை கேட்டுவிட்டு வந்திருந்தார்.

உன்னால் ஓர் உதவி வேண்டும். உன் அண்ணா இன்னும் வழக்குகள் பார்க்கிறார் என்றால், அந்தத் தெருவிலேயே கோயில் மனையாக இல்லாத, மண்ணும் வீட்டுக்காரர் பெயரிலேயே இருக்கும் ரயத்துவாரி வீடுகள் எவை என்று டவுன் சர்வே பதிவேட்டிலிருந்து ஒரு பட்டியல் எடுப்பதற்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுது. தரகரிடம் கேட்டால் எல்லாமே ரயத்துவாரி என்பார்.

மார்ச்சில் பேத்திக்குத் தேர்வு முடிந்ததும் இருவரும் வாருங்கள். வாசலில் நான்கே படிகள், பக்கத்தில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி இருக்கிறது. உன் முட்டிக்குத் தோதாக இருக்கும் என்று ஏறிப் பார்த்துவிட்டுத்தான் சாவியை வாங்கினேன். படித்துறையில் மொத்தம் 14 படிகள். அவற்றில் நீ இறங்க வேண்டாம், மேல்படியில் உட்கார்ந்தால் போதும்.

அன்புடன்,
சாவித்திரி