குமரிக் கடற்கரையின் சிவப்பு மணல் கடல் தந்ததல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குமரி மாவட்டக் கடற்கரை மணலைப் பற்றி உங்கள் நாளிதழில் எத்தனையோ செய்திகள் படித்துவிட்டேன். தோண்டலாமா கூடாதா, கதிர்வீச்சு எவ்வளவு, மீனவர்களுக்கு என்ன பாதிப்பு என்றெல்லாம் எழுதுகிறீர்கள், எழுத வேண்டியதுதான். ஆனால் 'கடல் தந்த கனிமம்' என்று ஒரு வரி எப்படியாவது வந்துவிடுகிறது. கடல் எதையும் தரவில்லை. ஆறுகள் மலையிலிருந்து அடித்துக்கொண்டு வந்ததை அலை சலித்து, கனமானதைக் கரையில் ஒதுக்கியது, அவ்வளவுதான்.

அந்தச் சிவப்பு மணிகள் கார்னெட் என்ற கனிமம். கூடவே வெள்ளையாகக் கிடப்பதில் சில்லிமனைட் என்ற இன்னொரு கனிமமும் உண்டு. குமரி மாவட்டத்திலும் தென்கேரளத்திலும் உள்ள கோண்டலைட், சார்னோக்கைட் என்ற பாறைகளிலிருந்து வந்தவை இவை. இதில் கோண்டலைட் ஒரு காலத்தில் வெறும் சேறு, களிமண். அதில் மக்கிக் கிடந்த உயிர்ப்பொருளின் கரிதான் இன்று அந்தப் பாறையில் கிராஃபைட்டாக மின்னுகிறது.

களிமண் எப்படிக் கார்னெட் ஆகும்? கண்டங்கள் மோதும்போது படிவுகள் பல கிலோமீட்டர் ஆழத்துக்கு அமுங்கிப் போகின்றன, சூடு ஏறுகிறது. களிமண் கனிமங்களுக்குள் நீர் கட்டுண்டு கிடக்கிறது. சூடு ஏற ஏற அது வெளியேறும், பழைய கனிமங்கள் கலைந்து, பாறை உருகாமலேயே புதியவை வளரும். முதலில் பச்சை நிறக் குளோரைட்டும் வெள்ளை மைக்காவும், அப்புறம் கருப்பு மைக்காவான பயோடைட், சுமார் 500 டிகிரியை ஒட்டிக் கார்னெட். இன்னும் சூடேறினால் ஸ்டாரோலைட், கயனைட், 600 டிகிரிக்கு மேல் சில்லிமனைட். கயனைட்டும் சில்லிமனைட்டும் ஒரே பொருளால் ஆனவை, அழுத்தம் ஓங்கினால் முன்னது, வெப்பம் ஓங்கினால் பின்னது. இரண்டுக்கும் அலுமினியம் ஏராளமாக வேண்டும், களிமண்ணில் அது தாராளமாக இருக்கிறது.

இந்த வரிசையை முதலில் கண்டுகொண்டவர் ஜார்ஜ் பாரோ என்ற நிலவியலாளர். ஸ்காட்லாந்தின் கிளென் குளோவா பகுதியில் நடந்து நடந்து, எந்தக் கனிமம் எங்கே தொடங்குகிறது என்று குறித்து 1893-ல் எழுதினார், பின்னால் வந்தவர்கள் அதை நிரப்பினார்கள். அங்கே இன்றும் படிப்படியாக நடந்து பார்க்கலாம். நம் பக்கம் அது முடியாது, ஏனென்றால் நம் பாறைகள் எல்லாப் படிகளையும் தாண்டி 800 டிகிரிக்கும் மேலே போய், பாதி உருகிய நிலையைக்கூடப் பார்த்துவிட்டன. கோண்டலைட்டைக் கையில் எடுத்தால் வெளிறிய வரிகள் ஓடுவதைப் பார்க்கலாம், அவற்றில் பல அப்படி உருகி உறைந்தவை.

என்னை இன்றும் வியக்க வைப்பது இதுதான்: இவ்வளவு ஆழத்திலிருந்து மேலே வந்து ஆறிய பிறகும் அந்தப் பாறை ஏன் திரும்பக் களிமண் ஆகவில்லை? வெளியேறிய நீர் திரும்ப வரவில்லை, அதனால்தான். சூளையில் வெந்த செங்கல்லை ஆறவைத்தால் மண்ணாகிவிடுமா? உச்ச வெப்பத்தில் விளைந்த கனிமங்கள் அப்படியே தங்கிவிட்டன. அது நடந்து சுமார் 55 கோடி ஆண்டுகள் ஆகின்றன, இந்தியாவும் மற்றத் தென் கண்டங்களும் கோண்டுவானா என்ற ஒரே பெருங்கண்டமாக ஒன்றுசேர்ந்த காலம். அந்த வயதைச் சொல்வது எது தெரியுமா? இந்த மணலில் இருக்கும் தோரியத்துக்காக எல்லோரும் பேசுகிறார்களே, அதே மோனசைட் கனிமம். அதற்குள் யுரேனியமும் தோரியமும் சிதைந்து ஈயமாக மாறியிருக்கும் அளவை வைத்து வயதைக் கணக்கிடுகிறார்கள்.

முக்கடல் கூடும் இடத்தில் வண்ண மணலைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள், அம்மன் திருமணத்துக்கு வைத்திருந்த அரிசி மணலானது என்று கதையும் சொல்கிறார்கள். அந்தக் கதை இருக்கட்டும், எனக்கும் பிடித்ததுதான். பக்கத்திலேயே இந்தக் கதையையும் தமிழில் ஒரு பலகையில் எழுதி வைக்கச் சுற்றுலாத் துறை முன்வர வேண்டும், உங்கள் நாளிதழ் அதை வலியுறுத்த வேண்டும். அடுத்த முறை மணல் செய்தி போடும்போது 'மலையிலிருந்து வந்த கனிமம்' என்று எழுதுங்கள்.

ஓய்வு பெற்ற நிலவியல் ஆசிரியர்,
நாகர்கோவில்.