வாசகர் கடிதம்: ஒப்புதல் வாக்குமூலமும் 16ஆம் பிரிவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பற்றி எங்கள் வன்னியில் பேசாத வீடில்லை. ஆனால் அது எந்தப் பழைய விதியை உடைத்தது என்பது பலருக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒல்லாந்தர் காலத்தில் இலங்கையில் சித்திரவதை விசாரணையின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஆங்கிலேயர் 1799இல் பிரகடனம் செய்து அதை ஒழித்தார்கள். 1883இல் தண்டனைச் சட்டக்கோவை வந்தது. அப்புறம் 1895இல் வந்த சான்றுக் கட்டளைச் சட்டம், பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலைச் சந்தேகநபருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்றது. அடித்து வாங்கிய வார்த்தைக்கு நீதிமன்றத்தில் மதிப்பிருக்கக் கூடாது என்ற பயம் அதற்குப் பின்னால் இருந்தது. நியாயமான பயம்.

1979இல் புதிய குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை வந்தது. அதே ஆண்டில்தான் பயங்கரவாதத் தடைச் சட்டமும் வந்தது. இந்தப் பழைய விதியை உடைத்தது அதன் 16ஆம் பிரிவுதான். அதன்படி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்டவரிடம் கொடுத்த ஒப்புதல் சான்றாகும். அது பலவந்தமாக வாங்கப்பட்டது என்றால், அதை நிரூபிக்க வேண்டியவர் சிறைக்குள் இருப்பவரே! பூட்டிய அறைக்குள் நடந்ததற்கு அவர் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்? மூன்று வருடத்துக்கு என்று கொண்டுவந்த சட்டத்தை 1982இல் நிரந்தரமாக்கினார்கள்.

பிள்ளையின் வழக்குக்காகப் பஸ் ஏறி அலைந்த தாய்மார் எங்கள் ஊர்களில் நிறையப் பேர். இந்தப் பிரிவுகளை எளிய தமிழில் விளக்கி, வாரம் ஒரு பத்தியாவது உங்கள் பத்திரிகையில் வெளியிடுங்கள்.

ஒரு வாசகர்,
கிளிநொச்சி